கால் அங்குலம்

ஃப்ராங்க்ளினில் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில்
நாற்பது டாலருக்கு என்னிடம் வந்தது
இந்தப் பள்ள இழைப்புளி.
நிக்கல் பூச்சு பாதி உரிந்து,
கைப்பிடியில் ஒரு வெடிப்பு,
வெடிப்பின்மேல் நேர்த்தியான ஒட்டு.
அலகுகளைத் தனியே
ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு
வாயை முடிந்திருந்தார்கள்.

விற்ற நெரிடா ஸ்கீல்ஸ்
காரின் கதவை நான் சாத்தும்வரை கூடவே வந்தாள்.
"அதைத் தொடக்கூட விட்டதில்லை அவர்."
வருத்தமாகச் சொன்ன மாதிரியில்லை.
வாடகை பாக்கியைச் சொல்கிற குரல்.

பகலில் ஹோபார்ட் மருத்துவமனையில்
எலும்புகளைப் படமெடுக்கிறவள் நான்.
மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள்,
சரி, விடலாம்.
நாளைக்கு நாற்பது தடவை.
இரவில், கார் கொட்டகையில்,
சொல்லாமலே அசையாதிருக்கும் ஒன்றுக்குப்
பெட்டி செய்ய உட்கார்ந்தேன்.

பழுப்புத் தாளில் படுக்கவைத்துச்
சுற்றிலும் பென்சில் ஓட்டினேன்.
தூக்கிப் பார்த்தால்
கோழியா ஒட்டகமா என்று தெரியாத உருவம்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
ஏதோ ஒரு முழங்கை இடித்தது.
சதுரத்துக்குள் அடங்குகிற உடம்பில்லை அது.

மரம் ஹியூவான் பைன்.
படகுப் பட்டறை ஃபெர்கஸ் ஓல்டிங்
மிச்சத்தில் ஐந்து துண்டு தந்தான்.
"இவ்வளவு வாசனையில்
இரும்பையா படுக்கவைக்கப் போகிறாய்?"
அறுக்க அறுக்கக் கொட்டகைக்குள்
கிராம்பும் தேனும் சண்டை போட்டன.
மறுநாள் ஒரு நோயாளி, விலா முறிந்தவர்,
என்ன சென்ட் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

மூலைகளுக்குப் புறாவால் பொருத்து.
இரண்டு மூலை பழுதில்லை.
மூன்றாவதின் இடைவெளியில்
மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
நான்காவதைக் கேட்காதீர்கள்,
அது சுவர்ப்பக்கம்.

பிறகு அலகுகள்.
மண்ணெண்ணெயில் துடைத்து
அகலவாரியாகப் பரப்பினேன்.
பதினேழு.
பதினெட்டு இருக்கவேண்டும்.
காலுறையை உள்வெளியாகத் திருப்பி உதறினேன்:
கொஞ்சம் துரு, ஒரு சட்டைப் பொத்தான்.
கால் அங்குலத்தைக் காணோம்.

இழுத்துத் திறக்கிற மூடி.
மூடி ஓடப் பள்ளம் வேண்டும்,
பள்ளம் போட இதே இழைப்புளி வேண்டும்;
குடிவருகிறவரே கொத்தனாராக வரவேண்டிய வீடு.
அளவு? வேறென்ன,
கால் அங்குலம்.

அதைவிட ஒல்லியானதை மாட்டி
ஒரே தடத்தில் இருமுறை ஓட்டினேன்.
சுருள்கள் வெண்ணெய்போல் எழுந்து
மணிக்கட்டில் விழுந்தன.
இரண்டாம் ஓட்டத்தில், நடுவழியில்,
கை ஒரு மயிரிழை தயங்கியது.
மரம் அதை மன்னிக்கவில்லை.

ஞாயிறன்று நெரிடாவுக்குப் போன் போட்டேன்.
ஒன்று குறைகிறது, வீட்டில் எங்காவது...
"கால் அங்குலம்தானே?
சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.
பெயின்ட் டப்பா திறக்க
அதைப்போல ஒன்று கிடையாது."
எவ்வளவு நாளாக?
"முப்பத்தோரு வருஷம்.
பாவம், தரைப்பலகையைக்கூடப் பெயர்த்துத் தேடினார்."
அப்புறம் அந்தப் பக்கம்
நெடுநேரம் சிரிப்பு.
கொஞ்சம் இருமல்.
"அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன்.
சுவர் ஏதாவது அடிக்கவேண்டி வருமே உங்களுக்கு.

பெட்டி இப்போது அலமாரியின் கீழ்த்தட்டில்.
பதினெட்டு பள்ளங்கள்,
ஒன்றில் ஆளில்லை.
அதன் தலைமாட்டில் அளவை மட்டும்
பென்சிலால் எழுதிவைத்தேன்.

மூடி பாதிவரை வழுக்கிக்கொண்டு வரும்,
பிறகு நின்றுவிடும்.
ஃபெர்கஸ் இழுத்துப் பார்த்தான், தட்டிப் பார்த்தான்,
திட்டிவிட்டுப் போனான்.

இடது கட்டைவிரலால் ஓரத்தைச் சற்றே தூக்கினால்
ஓசையில்லாமல் வழிவிடும்.

அதை இன்னும் நான் யாருக்கும் சொல்லவில்லை.